ஏரியைப் பார்த்துத் திரும்பிய நாற்காலி

செவ்வாய்க்கிழமை காலை, ஏரிக்கரை அலுவலகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அதை எடுக்க எனக்கு எப்போதுமே தயக்கம். எடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். எதிர்முனையில் தனபாக்கியம் அம்மா என்றால், "செல்விதானே? மூச்சு உடற சத்தம் கேக்குது, சொல்லு" என்பார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அல்லவா! அன்றும் பேசாமல் நின்றேன். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு ஓர் ஆண் குரல், "அடுகோடிலேர்ந்து பேசறேன். அம்மா விடிகாலைல தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றது. அவருடைய மகன்.

நம் ஏரிக் குழுவின் செய்தித்தாளுக்கு அம்மாவைப் பற்றி எழுதித் தரும்படி மஞ்சுளா மேடம் சொன்னார். நான் எட்டாவதோடு நின்றவள். பேசச் சொன்னால் எனக்கு வராது. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

அம்மாவை அறியாதவர்களுக்காக: இந்தக் குழுவைத் தொடங்கியவர் அவர்தான். குப்பை லாரிகள் ஏரியில் கொட்ட வந்தபோது, கரையில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு வழியில் உட்கார்ந்துகொண்டாராம். நாங்கள் பெங்களூர் ஈஜிபுராவுக்குக் குடிவருவதற்கு முன்பு நடந்தது அது. நான் வேலைக்கு வந்தபோதும் அதே நாற்காலிதான். ஞாயிறுதோறும் ஆகாயத் தாமரையை இழுத்துப் போட்டபின் புங்கமரத்தடியில் கூட்டம் நடக்கும். எல்லோரும் தரையில். மூட்டுவலி என்பதால் அவர் மட்டும் நாற்காலியில். யார் எதைச் சொன்னாலும் எல்லார் முகமும் அந்த நாற்காலியின் பக்கம் திரும்பும். அவர் தலையசைத்தால் சரி, இல்லையென்றால் இல்லை.

ஒரு ஞாயிறு, "இனிமே மஞ்சுளாதான் தலைவி" என்றார். மஞ்சுளா மேடம் பேங்கில் வேலை செய்பவர், வயதில் மிகவும் சிறியவர். அம்மாவோடு வாராவாரம் சண்டை போட்டவரும் அவர்தான்.

மெக்கானிக் ரஹீம் பாய் கேட்டேவிட்டார். "என்னம்மா, உங்களோட சண்ட போடறவங்களுக்கே குடுத்துட்டீங்க?"

"ஆமாம் போடறவங்களுக்குக் குடுத்தா, நான் போற அன்னிக்குக் குழுவும் போயிடும் பாய்."

பொறுப்பு கைமாறியது. முகங்கள்தான் அந்த நாற்காலியை விட்டு மாறவில்லை. பிள்ளையார் சதுர்த்தி வந்துகொண்டிருந்தது. வருடாவருடம் அம்மா படித்துறையில் நின்று ஊர்வலக்காரர்களோடு கத்துவார். அப்படியும் பாதிச் சிலைகள் ஏரிக்குள் போய்விடும். மறுநாள் சாயம் மிதக்கும், மீன்கள் செத்து ஒதுங்கும். மஞ்சுளா மேடம், கரையில் தனியாக ஒரு குளம் வெட்டிச் சிலைகளை அதில் கரைக்கலாம் என்றார். முன்பு இதே யோசனைக்கு அம்மா, "ஏரிக்குப் பக்கத்துல குட்டி ஏரியா? நல்லா கீது கதை" என்று சிரித்தவர். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மஞ்சுளா மேடமும் பார்த்தார்.

"நீவே ஹேளி அம்மா, நீங்களே சொல்லுங்க."

அம்மா எழுந்தார். நாற்காலியைத் தூக்கி, ஏரியைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அம்மா, முதுகு இன்னா சொல்லுது?" என்றார் பாய்.

"முதுகுக்கு வாய் கிடையாது பாய். அந்தப் பக்கம் கேளுங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் உட்கார்ந்தார். சும்மா இருப்பது அவருக்குச் சுலபம் என்று பலர் நினைத்தார்கள். டீ கொடுக்க முன்பக்கம் போகும் எனக்கு மட்டும்தான் அவர் முகம் தெரியும். குளத்தைப் படித்துறைக்கு மேலேயே வெட்டலாம் என்று மஞ்சுளா மேடம் சொன்ன அன்று, அம்மா புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். "அங்க வேணாம்டி, மழ வந்தா எல்லாம் வழிஞ்சு ஏரிக்கே வரும்" என்று என்னிடம் கிசுகிசுத்தார். நான் அதைச் சொல்லத் திரும்பினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடாத. அவங்களே கண்டுபிடிக்கட்டும்." தம்ளரில் டீ ஆறி ஏடு படிந்தது. பின்னால் பேச்சு நீண்டது. அந்த இடமே முடிவாகிவிடும் போலிருந்தது. அப்போது ரஹீம் பாயின் குரல் கேட்டது.

"மேடம், ஸ்வல்ப யோசிங்க. மேட்டுல வெட்டினா மழைக்கு வழிஞ்சிடாதா? ரோட்டோரப் பள்ளத்துல வெட்டலாமே!"

"அட, ஆமாம் பாய்!" என்றார் மஞ்சுளா மேடம்.

அம்மா என் கையை விட்டார். அந்தச் சிரிப்பை நான் மட்டும் பார்த்தேன். "டீ ஆறிப்போச்சு, வேற கொண்டா" என்றார்.

அந்தச் சதுர்த்திக்கு ஊர்வலங்கள் பள்ளத்துக் குளத்துக்கே போயின. சில பையன்கள் முறைத்தார்கள், பிறகு அவர்களும் போனார்கள். மறுநாள் தண்ணீரில் சாயம் இல்லை. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தன வருஷம் நான் கத்தினது வேஸ்ட்டு மஞ்சுளா" என்றார்.

"நீங்க கத்தினதாலதான் இது ஏரின்னே அவங்களுக்குத் தெரியும், அம்மா."

"ஐஸ் வெக்காத. போய் வேலையப் பாரு, தலைவி!"

இந்த ஞாயிறு அஞ்சலிக் கூட்டம். யாரோ நாற்காலியை எங்களைப் பார்க்கும்படி போட்டு, அம்மாவின் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். மௌனம் முடிந்ததும் மஞ்சுளா மேடம், சாக்கடை நீர் ஏரிக்குள் வரும் வாய்க்காலை அடைப்பது பற்றிப் பேசத் தொடங்கினார். ஒவ்வொருவராகப் படத்தைப் பார்த்தார்கள். மஞ்சுளா மேடமும் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

டீத் தட்டோடு நின்றிருந்த நான், "நாற்காலியத் திருப்புங்க" என்றேன். குழுக் கூட்டத்தில் நான் பேசியது அதுவே முதல் தடவை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது ரஹீம் பாய்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து நாற்காலியை ஏரிப் பக்கம் திருப்பினார். எங்களுக்குப் படத்தின் பின்பலகையும் மாலையின் நூலும்தான் தெரிந்தன. மஞ்சுளா மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, வாய்க்கால்..." என்றார். உடனே நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள்.

நான் வழக்கம்போல முன்பக்கம் போய் ஒரு தம்ளர் டீயை வைத்தேன். படத்தில் அம்மா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் சண்டை சூடு பிடித்திருந்தது.

போய் வாருங்கள் அம்மா. நீங்கள் ஏரியைப் பாருங்கள். நாங்கள் உங்கள் பக்கம் திரும்ப மாட்டோம்.