உபயம் போட்ட வேலி

லவால் நகருக்கு வடக்கே, காட்டை ஒட்டி, எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு கோடைகால முகாம் உண்டு. அங்குள்ள மரவீட்டில் என் சித்தி ஆண்டு முழுவதும் தங்கி, இடத்தைப் பார்த்துக்கொள்கிறார். சென்ற கோடையில் காட்டுத்தீயின் புகை அவருடைய சமையலறை வரை வந்தது. அதன்பின் அவர் உடுப்புப் பையைக் கதவருகே வைத்துக்கொண்டே உறங்கினார்.

சங்கம் அதற்குக் கவலைப்படவில்லை. நகராட்சி மானியம் தருகிறது என்று கேள்விப்பட்ட பிறகே கவலைப்பட்டது. கட்டடங்களைச் சுற்றியுள்ள சருகையும் காய்ந்த கிளைகளையும் புதரையும் அகற்றுவோருக்கான மானியம் அது. பிரெஞ்சு அறிவிப்பை மொழிபெயர்க்க, இலக்கியம் படிப்பவள் என்ற ஒரே தகுதியில், நான் வசிக்கும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து அழைக்கப்பட்டேன். 'எரிபொருளைக் குறைத்தல்' என்று வாசித்தேன்.

"அங்க பெற்றோல் ஒண்டும் இல்லையே, பிள்ளை," என்றார் தலைவர். "ஒரு காஸ் சிலிண்டர்தான். அதைத் தூக்கி அங்கால வைச்சாச் சரி."

விளக்கினேன். தலையாட்டினார்கள். அச்சபை அறிந்த சிந்தனை முறை அது ஒன்றே.

பார்வையிட வந்த நகராட்சி அலுவலர் சிலிண்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சித்தியின் வீட்டுச் சுவரை உரசி நின்ற, சீடர் எனும் ஊசியிலை மரங்களாலான வேலியை விலக்கிக் காட்டினார். உள்ளே முழுவதும் காய்ந்திருந்தது. இது பற்றினால் வீடு மிஞ்சாது, இதை வெட்டாமல் மானியமும் இல்லை என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் தலைவரின் முகம் கறுத்தது. ஒவ்வொரு மரத்திலும் ஒரு தகரப் பலகை தொங்கிற்று: 'உபயம்' என்ற சொல், அதன்கீழ் மரத்தைவிடப் பெரிதாக வளர்ந்த ஒரு பெயர்.

லவாலில், சங்க மண்டபத்தில் உறுப்பினர் கூட்டம் கூடியது.

"உபயம் போட்ட மரத்தை வெட்டுறதோ? சனம் காறித் துப்பும்."

"அப்ப உங்கட மரத்தில இருந்து தொடங்குவம்."

"என்ர ஏன்? உங்கட மாமான்ர மரம்தானே பாதி செத்துப்போச்சு!"

பின்வரிசையிலிருந்து சித்தி சொன்னார்: "உள்ளுக்க நான் இருக்கிறன், அண்ணை."

"ஓம் ஓம், தங்கச்சி. பேந்து பாப்பம்," என்றார் தலைவர்.

பேந்து என்றால் பின்னர். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களின் வாயில் அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்று பொருள். வடை வந்தது, கூட்டம் நிறைவுற்றது.

அடுத்த வாரம் சித்தி அயலவரிடம் மின்வாள் இரவல் வாங்கினார். அவர் வெட்டினார், நான் கிளைகளை இழுத்து அகற்றினேன். பலகைகளைக் கழுவித் துடைத்து மண்டப வாசலில் அடுக்கினோம். மாலைக்குள் சித்திக்குத் தலைவரின் தொலைபேசி அழைப்பு வந்தது.

"என்ர அப்பான்ர மரத்தையும் வெட்டிப் போட்டியளோ?"

"பேர் பத்திரமா இருக்கு, அண்ணை. மரந்தான் போச்சு."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அலுவலர் மறுபடி வந்து ஒப்புதல் அளித்ததும், அதே மனிதர் மானியத்தைச் சங்கத்தின் சாதனை என்று அறிவித்து, பொன்னாடையும் போர்த்திக்கொண்டார். பாராட்டு விழாவுக்குச் சித்திக்கு அழைப்பில்லை. இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டார். அன்று அவர் மழைநீர் வடியும் கூரைப் பீலியில் அடைந்திருந்த பைன் சருகை அள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.