மட்டைக்கு நரம்பு கட்டியது யார்

மலாயாவில் லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர் லயத்து வீட்டுக்குள் உட்கார்ந்து நான் டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டினேன் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் வீட்டுக்காரருக்கு வெள்ளைக்காரத் தொரைமார் கிளப்பில் வேலை. பந்துத் திடலில் புல் வெட்டுவார், சுண்ணாம்புக் கோடு போடுவார். பால்வெட்டுக் கத்தி பட்டு இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனதால் கொடுத்த வேலை அது. ஒருநாள் ஒரு தொரை நரம்பறுந்த மட்டையை அவரிடம் தூக்கிப் போட்டு, சரிபண்ண ஆள் பார் என்றிருக்கிறான். இவர் ஆளுக்கு எங்கே போவார்? என்னிடம் கொண்டுவந்தார்.

ஒரு வாரம் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். எந்தத் துளையில் நுழைந்து எதில் வருகிறது, எது மேலே, எது கீழே என்று. பிறகு மட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, நரம்பை ஒரு கட்டையில் சுற்றி இழுத்து, தளராமலிருக்கத் துளையில் குத்தூசியைச் செருகிவிட்டு அடுத்த துளைக்குப் போவேன். ஆட்டுக் குடலில் செய்த நரம்பு, உள்ளங்கையை அறுத்துவிடும். முடித்துவிட்டுத் தட்டினால் ‘டங்’ என்று கேட்கவேண்டும். ‘டொப்’ என்றால் அவ்வளவுதான், அவிழ்த்து முதலிலிருந்து கட்டு.

கிளப்பில் எல்லோரும் அவர்தான் கட்டுகிறார் என்று நினைத்தார்கள். அவர் கையை ஒருதரம் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கூலிக்காரன் கையை எவன் பார்க்கிறான்? பொம்பளை கட்டியது என்றால் மட்டை வராது என்று நானும் சொல்லவில்லை. “தொரை வெரி குட்டுன்னான். அது ஒனக்குள்ளது, இந்தா பிடி” என்று வீட்டுக்கு வந்து வெறுங்கையை நீட்டுவார். நான் தட்டிவிடுவேன். யார் கேட்டாலும் ‘எங்க வீட்டுக்காரருதான்’ என்று சொல்லிச் சொல்லி எனக்கு அதுவே வாய்ப்பழக்கமாகிவிட்டது.

அப்புறம் சப்பான்காரன் வந்தான். தொரைமார் ஓடினார்கள். மரவள்ளிக்கிழங்குதான் சோறு என்றானது. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். லயத்துக்கு லயம் ஆம்பிளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். போனவன் ஒருவனும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் பெயர் மட்டும் பட்டியலில் ஏறவில்லை. கிளப்பில் பந்தாடுகிற சப்பான் அதிகாரி ஒருவன் இருந்தான். அவனுக்குத் திடலைப் பார்க்க ஆள் வேண்டும் என்று எழுதி, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி இவரைக் காப்பாற்றி வைத்திருந்தார். புண்ணியவான்.

அந்த அதிகாரியின் மட்டை அறுந்தது. கடையில் அரிசியே இல்லாத காலம், நரம்பு எங்கே கிடைக்கும்? நல்லவேளை, தொரைமார் கொடுத்ததில் மிஞ்சிய இரண்டு சுருளை ஈரம் படாமலிருக்க அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தேன். அரிசியை எப்போதோ தின்று தீர்த்தாயிற்று, நரம்பு மட்டும் டின்னில் கிடந்தது. இதை ஒழுங்காகக் கட்டிக் கொடுத்துவிட்டால் இந்த மனுசன் சயாமுக்குத் தப்பினார் என்று நினைத்து இழுத்து இழுத்துக் கட்டினேன். அப்படி ஒரு மட்டையை அதற்கு முன்னால் நான் கட்டியதே இல்லை.

மூன்றாம் நாள் அதிகாரியே லயத்துக்கு வந்துவிட்டான். பின்னால் கிராணி. மட்டையைத் தட்டிக் காட்டி, “பாகுஸ், பாகுஸ்” என்று மெச்சிச் சிரித்தான். யார் கட்டியது என்று மலாயில் கேட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, பாவி?

“எங்க வீட்டுக்காரருதாங்க.”

அவன் தலையாட்டிக்கொண்டே கிராணியிடம் ஏதோ சொன்னான். கிராணியின் முகம் செத்துப்போயிற்று.

“என்னங்க கிராணியய்யா?”

“சயாம்ல பாலத்துக்கு மரத்தக் கயித்தால இறுக்கிக் கட்டத் தெரிஞ்ச ஆளு வேணுமாம். இந்தக் கையி அங்கதான் இருக்கணுங்கிறான். காலையில லோரி வருதுலா.”

ஐயோ, கட்டியது நான் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, “ஆமாங்க, நாந்தான் கட்டுனேன்” என்றார். இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?

அவர்கள் போனதும் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். “நெசத்தச் சொன்னா என்ன? பொய் சொன்னதுக்கு ரெண்டு அறை விழும், அவ்வளவுதான? அதுக்குப் பயந்தா சயாமுக்குப் போறீங்க? நீங்கள்லாம் ஒரு ஆம்பிளையா?” என்று கேட்டேன். அப்படியேதான் கேட்டேன். “சும்மா கெட” என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்தார். காலையில் லோரியில் ஏறும்போதும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

சப்பான்காரன் தோற்றுப் போன பிறகு, அடுத்த லயத்துப் பையன் ஒருவன் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். அங்கே அவரோடு ஒரே கொட்டகையில் இருந்தவன். அவர் காய்ச்சலில் போய்விட்டார் என்றான். அது நான் ஓரளவு எதிர்பார்த்ததுதான். அழுதேன். அவன் போகாமல் நின்றுகொண்டே இருந்தான்.

“ஒரு முடிச்சுகூட ஒழுங்கா வராதுக்கா அவருக்கு. தெனம் அடி. மட்டை கட்டுனது நீங்கன்னு எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாரு. ‘இந்த வேல எனக்குத் தெரியாதுன்னு அவனுங்ககிட்ட சொல்லிடுங்கண்ணே, அடியாவது நிக்கும்’னு எத்தனையோ தடவ கெஞ்சுனேன்.”

“அதுக்கு?”

“‘அப்ப யாருக்குத் தெரியும்னு கேப்பான்டா. கேட்டா அவளப் புடிச்சிட்டு வந்துருவான். அடிதான, நானே வாங்கிக்கிறேன்’னாருக்கா.”