பச்சை ரிப்போர்ட்

எனக்குப் பஸ்ஸில்கூடச் சும்மா உட்கார வராது. விழுப்புரத்தில் ஏறினால் திண்டிவனம் இறங்கும்வரை கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தரம் முறைப்பார், மூன்றாவது தரம் வாயைத் திறந்து "தம்பி, காலு" என்பார். அன்றும் அதே கதைதான். பஸ் கூட்டேரிப்பட்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவு சூப்பிரண்டு மேடத்திடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது.

"தம்பி, எங்க வந்துக்கினு இருக்க? இங்க ஒரு பொண்ணு நிக்குது. ஹால் டிக்கெட்டு வரல. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பரிச்ச. ஜல்தி வா."

ஹால் டிக்கெட் வரவில்லையா? சான்ஸே இல்லை. போன மாதம்தான் அந்த புரோகிராம் முழுவதையும் சுத்தம் செய்திருந்தேன்.

அது நான் பிறப்பதற்கு முன்னால் பாக்ஸ்ப்ரோ என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. யார் எழுதினார்கள் என்று கல்லூரியில் யாருக்கும் தெரியாது. எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்பதால் தேர்வை நாங்களே நடத்துகிறோம். ஹால் டிக்கெட், உட்காரும் இடம், மார்க் ஷீட் எல்லாம் அந்த நீலத் திரையிலிருந்துதான் வரும். பழைய புரோகிராம்கள் வருஷத்தில் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும்தான் வைத்திருக்கும். 29 வரைக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம், 30 முதல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று நடுவில் ஒரு கோடு. வேறொரு கல்லூரியில் இதனால் ஏதோ குளறுபடி என்று கேள்விப்பட்டு, "நம்மளத பாத்துடுப்பா" என்றார் முதல்வர்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து ஆறே மாதம். பழைய புரோகிராமை வரிவரியாகப் படிக்க எனக்கென்ன பைத்தியமா? இணையத்தில் இலவசமாக ஒரு டூல் கிடைத்தது. புரோகிராம் இருக்கும் போல்டரைக் காட்டினால் போதும். தேதி, மாதம், வருஷம் என்பதற்கான ஆங்கிலப் பெயர்கள் வரும் வரிகளையெல்லாம் தேடி, ஆபத்தான இடத்துக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள், பிரச்சினை இல்லாததற்குப் பச்சை போட்டுக் கொடுக்கும். சிவப்பெல்லாவற்றையும் இரண்டு நாளில் திருத்தினேன். மறுபடி ஓட்டினேன். ரிப்போர்ட் மேலிருந்து கீழ்வரை பச்சை.

"முழுசும் பாத்துட்டியா?" என்று மேடம் கேட்டார்.

"டூல் பாத்துடுச்சு மேடம். கண்ணால பாக்கறதெல்லாம் அந்தக் காலம்."

"நீ பாத்தியா?"

"அதான் பச்சையா இருக்கே!"

மேடம் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து பைல் செய்துகொண்டார்.

திண்டிவனத்தில் இறங்கி ஆபீசுக்குள் போனபோது மணி பத்தேகால். அந்தப் பெண் மேடத்தின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கிராமம், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். அம்மா மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை வெட்டப் போகிறவர். இவள் ஏப்ரலில் படிப்பை முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்திருக்கிறாள். பாக்கி ஒரே ஒரு பேப்பர். அதை முடித்து டிகிரியைக் காட்டினால்தான் வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் பொங்கலோடு அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் மேடம் சொன்னது. அவள் என்னிடம் சொன்னது வேறு.

"கம்ப்யூட்டரு பாக்கற அண்ணன் வந்தா சரி பண்ணிடுவாருன்னாங்க. நீங்கதானா?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவள் பெயரே இல்லை. பிழைச் செய்திகூடக் கிடையாது, சத்தமே இல்லாமல் புரோகிராம் அவளைத் தாண்டிப் போயிருந்தது.

"அப்ளிகேஷன் போட்டியாம்மா?"

"போட்டேண்ணா." ஒப்புகைச் சீட்டை நீட்டினாள்.

"கடைசி நாளு தாண்டிப் போட்டிருப்ப."

"மொத நாளே போட்டேன். சீட்டுலயே கீது, படிச்சுப் பாருங்க."

படித்தேன். முதல் நாள்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. டூலை மறுபடி ஓட்டினேன். மறுபடி பச்சை. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"பாரு, புரோகிராம்ல ஒண்ணும் தப்பில்ல. எல்லாம் பச்ச."

"இத கொண்டு போயி ஹால்ல காட்டுனா உள்ள உடுவாங்களாண்ணா?"

பின்னால் மேடம் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது.

எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பதினொன்றரைக்குள் இன்னும் நான்கு பேர் வந்து நின்றுவிட்டார்கள். எல்லாருக்கும் அதே புகார், எல்லாரும் ஏப்ரலில் முடித்தவர்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். விவரங்களை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். பெயரை நானே கையால் சேர்த்துப் பார்த்தேன், பிரிண்ட் கொடுத்ததும் புரோகிராம் அதைத் தூக்கி எறிந்தது. மணி பன்னிரண்டு நாற்பது.

"தம்பி, சாப்டியா?" என்றார் மேடம்.

"பசிக்கல மேடம்."

"உனக்குப் பசிக்கலன்னா சரி, அதுங்களுக்குப் பசிக்கும்ல?" என்று தன் டிபன் பாக்ஸை அந்த ஐந்து பேருக்கும் நடுவில் திறந்து வைத்தார்.

அந்தப் பெண் மட்டும் தொடவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு முன்னாடி செட்டு அக்கா ஒருத்தங்க, அதே பேப்பருதான். அவங்களுக்கு வந்துடுச்சு. எங்க செட்டுக்கு மட்டும் இன்னாத்துக்குண்ணா வரல?"

ஆடிக்கொண்டிருந்த என் கால் நின்றது.

முந்தைய செட் சேர்ந்தது 21இல். இவர்கள் 22இல். படிப்பு மூன்று வருஷம், அதற்குப் பிறகு பாக்கித் தாள் எழுத ஐந்து வருஷம் அவகாசம், ஆக மொத்தம் எட்டு. இருபத்தொன்றும் எட்டும் இருபத்தொன்பது. இருபத்திரண்டும் எட்டும் முப்பது.

முப்பது. கோட்டுக்கு அந்தப் பக்கம். அந்த புரோகிராமின் கணக்கில் இவளுக்குக் கொடுத்த அவகாசம் 1930இலேயே முடிந்துபோயிருந்தது. படிப்பை முடித்தவர்களுக்கு மட்டும்தான் இந்த அவகாசத்தைப் பார்க்கும், அதனால்தான் ஏப்ரல்வரை சிக்கல் வரவில்லை.

எட்டைக் கூட்டும் வரி எங்கே இருக்கிறது என்று தேடினேன். உடனே கிடைத்தது.

KEDU = SERNTHA + 8

கெடு, சேர்ந்த. புரோகிராம் எழுதிய ஆள் வருஷத்துக்கும் தேதிக்கும் வீட்டில் பேசுகிற பெயரையே வைத்திருந்தார். டூலுக்குத் தெரிந்தது ஆங்கிலப் பெயர்கள் மட்டும். இந்த வரியைப் பார்த்ததும் அதற்கு இது தேதி என்றே தோன்றியிருக்காது, பச்சை போட்டுவிட்டுப் போய்விட்டது.

சரி, டூலுக்குத் தமிழ் தெரியாது. எனக்குமா தெரியாது? போன மாதம் சிவப்பு வரிகளைத் திருத்தும்போது இதே வரியைப் பார்த்தேன். பார்த்தது மட்டுமா? "கெடுவாம்டா!" என்று போட்டோ எடுத்து நண்பர்கள் குரூப்பில் போட்டேன். எட்டுப் பேர் சிரித்து வைத்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, பச்சைதானே என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மணி ஒன்று இருபது. KEDU இன்னும் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் ஹால் டிக்கெட்டில் வருகிறது, இடம் ஒதுக்கும் பட்டியலில் வருகிறது, மார்க் ஷீட்டில் மூன்று இடத்தில் வருகிறது. ஒன்றை அவசரத்தில் மாற்றப்போய் இன்னொன்று விழுந்தால்? காலையில் வந்தபோது இருந்த நானாக இருந்தால் யோசிக்காமல் மாற்றியிருப்பேன். இப்போது கீபோர்டில் கை வைக்கவே பயமாக இருந்தது.

"மேடம், கண்டுபுடிச்சிட்டேன். ஆனா ரெண்டு மணிக்குள்ள முடியுமான்னு..." திரையில் அந்த வரியைக் காட்டினேன். "தப்பு என்னுதுதான் மேடம்."

"அத அப்புறமா பேசிக்கலாம்." மேடம் ஏற்கெனவே டிராயரைத் திறந்திருந்தார். பழைய ஹால் டிக்கெட் படிவங்கள், காகிதம் பழுப்பேறிக் கிடந்தன. ஐந்தையும் பேனாவால் எழுதினார், போட்டோவைத் தானே ஒட்டினார், முதல்வர் அறைக்கு ஓடிப் போய் சீல் வாங்கி வந்தார். "உன் மிஷினு இன்னா கலரு வேணா காட்டட்டும். நீ நிதானமா பாரு. இதுங்கள நான் உள்ள அனுப்பறேன்."

ஆனால் உட்காரும் பட்டியலிலும் இவர்கள் பெயர் இல்லையே. ஹாலில் பெஞ்ச் தேடி, கண்காணிப்பாளரிடம் விளக்கிச் சொல்லி உட்காரவைப்பதற்குள் மணி இரண்டு பத்து. அந்தப் பெண்ணின் கையில் கேள்வித்தாள் போன நேரத்தை நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

திரும்பி வந்து, வருஷம், நாள், தேதி, கெடு, சேர்ந்த, முடிவு என்று வாயில் வந்த தமிழ்ச் சொற்களையெல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்து டூலின் பட்டியலில் சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். பச்சைப் பக்கமெல்லாம் சிவப்பாக வந்தது. ஒவ்வொரு சிவப்பையும், அதற்கு மேலே பத்து வரி, கீழே பத்து வரி என்று கண்ணாலேயே படித்து, ஹால் டிக்கெட்டையும் இடம் ஒதுக்கும் பட்டியலையும் திருத்தி முடித்தேன். வேலைக்கு வந்த ஆறு மாதத்தில் நாற்காலியை விட்டு எழாமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் உட்கார்ந்தது அன்றுதான்.

ஐந்து மணிக்குப் பெல் அடித்ததும் வெளியே ஓடினேன்.

"எப்படிம்மா எழுதுன?"

"மொத கால் மணி நேரம் எழுத்தே ஓடலண்ணா. அப்புறம் சரியாப் போச்சு. கடைசி கேள்வி பாதிதான் எழுதுனேன், டைம் பத்தல."

அந்தப் பத்து நிமிஷம். "பாஸ் ஆயிடுவ" என்றேன், எனக்கே நம்பிக்கையில்லாமல்.

"அது நான் எழுதுனது, நான் பாத்துக்கறேன். ஆவலன்னா ஏப்ரல்ல வருவேன். அப்ப என் பேரு வருமா?"

"வரும்."

"டூலு சொல்லுச்சா?"

"இல்லம்மா. நான் படிச்சேன்."

அவள் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். நான் உள்ளே போனேன். மார்க் ஷீட்டில் அந்த மூன்று இடம் இன்னும் பாக்கி இருந்தது.