ரக்கூனும் பச்சைத் தொட்டியும்

அந்த இலையுதிர் காலத்தில் நான் வேலை செய்த களஞ்சியத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். என்னை முழுதாக நிறுத்தவில்லை. கூப்பிடும் நாளில் மட்டும் வந்தால் போதும் என்றார்கள். மனைவிக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகுதிநேர வேலை. இரண்டு சம்பளமும் சேர்ந்து வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. அதற்குமேல் எதை வாங்குவதென்றாலும் நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், பேஸ்மென்றில், குடியிருந்தோம். மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு ஐந்து. ஒக்டோபர் நடுவில் ஒருநாள் பிளாஸாவுக்கு அரிசி வாங்கப் போனபோது, பக்கத்துக் கடை வாசலில் ஹலோவீன் உடுப்புகள், ஒக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவதற்கானவை, தொங்கின. மகள் ஒரு சூனியக்காரி உடுப்பின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மடிப்புக் குலையாமல் அதை இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

"இற்ஸ் ஓகே, அப்பா. எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை."

அவள் அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அதட்டுவது சுலபம். மகனிடம் அந்தப் பெருந்தன்மை கிடையாது. டைனோசர் உடுப்பு வேண்டுமென்று பஸ்ஸில் வீடு வரைக்கும் கத்திக்கொண்டு வந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் தலைக்குமேல் குடியிருந்தவர் வீட்டுக்காரி. மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண்மணி. அறுபது தாண்டியவர், கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். எங்கள் நாலு பேருக்கும் அவர் அன்ரிதான். நல்ல மனுஷி, ஆனால் கண்டிப்பு அதிகம். உடுப்புத் தோய்க்கும் நாள், குப்பை வைக்கும் நாள், சப்பாத்தைக் கழற்றி வைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒழுங்கு உண்டு. ஹலோவீன் என்று சொன்னாலே முகத்தைச் சுளிப்பார்.

"செத்த ஆக்களுக்குச் செபம் சொல்லுற நேரத்தில, பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேக்கிறதே? நல்ல பழக்கம்தான்!"

ஒவ்வொரு வருடமும் அன்று பின்னேரம் வாசல் லைற்றை நிறுத்திவிட்டு, திரையை இழுத்து மூடி, செபமாலை சொல்லத் தொடங்குவார். லைற் இல்லாத வீட்டுக்குப் பிள்ளைகள் ஏறுவதில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வீட்டின் பக்கவாட்டில் இருந்த எங்கள் கதவை எவரும் கண்டதுகூட இல்லை. "எங்கட வீட்டுக்கு ஏன் ஒருத்தரும் வாறேல்லை?" என்று மகள் அதற்கு முந்திய வருடம் கேட்டிருந்தாள்.

அன்ரிக்கு இன்னொரு பகையும் இருந்தது. ரக்கூன். பூனையைவிடப் பருத்த, சாம்பல் நிற உடம்பும், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும், வளையம் வளையமான வாலும் கொண்ட பிராணி. இந்த நகரத்தில் சமையல் கழிவு போடுவதற்கென்று வீட்டுக்கு வீடு ஒரு பச்சைத் தொட்டி, 'கிறீன் பின்', இருக்கிறது. இருட்டியதும் ரக்கூன்கள் வந்து, மனிதக் கை போன்ற கைகளால் அதன் பூட்டைத் திருகித் திறந்து, வேண்டியதைத் தின்று, மிச்சத்தைப் பாதையெல்லாம் இறைத்துவிட்டுப் போகும்.

அப்படியொரு காலையில் எங்கள் பேஸ்மென்ற் யன்னலுக்கு வெளியே அன்ரியின் செருப்புக் கால்களும், ஒரு தும்புத்தடியும், அது கூட்டித் தள்ளிய மீன் முள்ளும் தெரிந்தன. அந்த யன்னல் நிலமட்டத்தில் இருந்ததால் எங்களுக்கு எப்போதும் ஆட்களின் கால்கள்தான் காட்சி.

"கள்ளன்! முகமூடி போட்ட கள்ளன்! இண்டைக்கு வரட்டும், காலை முறிக்கிறன்!"

மகள் யன்னலில் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

"அப்பா, நான் ரக்கூனாப் போறன். உடுப்பு வாங்கத் தேவையில்லை."

"அப்ப நான்?" என்றான் மகன்.

"நீ கிறீன் பின்."

அவன் யோசித்தான். "கிறீன் பின்னுக்குள்ளை சாப்பாடு இருக்கும், என்ன?"

"ஓம். எல்லாரும் உனக்குள்ளைதான் சொக்லேற் போடுவினம்."

டைனோசர் அந்த இடத்திலேயே செத்தது.

அடுத்த நாட்களில் எங்கள் வீட்டில் அதைவிட வேறு பேச்சு இல்லை. களஞ்சியத்தில் எறியவிருந்த பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மனைவி தன் பழைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை அளவாக வெட்டினாள். ரொறன்ரோவில் ஒக்டோபர் முடிவில் குளிர் எப்படியும் இருக்கும். எவ்வளவு அழகான வேஷம் போட்டாலும் மேலே ஜக்கெற்றைப் போட்டு மறைத்துவிடுவதுதான் இங்குள்ள தாய்மாரின் வேலை. அதனால் ஜக்கெற்றுக்கு மேலே போடும்படியாகவே அவள் தைத்தாள். கிழிந்த காலுறைக்குள் பழந்துணி அடைத்து வால் செய்தாள். அதில் கறுப்பு வளையங்களை நான் மின்வயர் சுற்றும் ரேப்பால் ஒட்டினேன். அந்த வேலை எனக்குக் கிடைத்ததில் எனக்குப் பெருமை.

பெட்டிக்குப் பச்சை பெயின்ற் வேண்டும். அன்ரியின் கராஜில், வேலிக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்ற் ஒரு வாளி கிடந்தது எனக்குத் தெரியும். மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"என்னத்துக்கு?" என்றார்.

"பிள்ளையளுக்கு ஒரு பெட்டிக்கு அடிக்க, அன்ரி."

"உந்தப் பேய்க்கூத்துக்கோ?"

"பேய் இல்லை அன்ரி. சத்தியமாப் பேய் இல்லை."

சுவரில் கொழுவியிருந்த திறப்புக் கோர்வையைத் துழாவினார். பிறகு கராஜ் திறப்பை எடுத்துத் தந்தார். "நிலத்தில ஊத்தாதேங்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஒரேயொரு சின்னப் பூசணிக்காயும் வாங்கினோம். மகள் அதில் கண்ணும் பல்லும் வெட்டினாள். உள்ளே கிடந்த சதையை எறிய மனைவிக்கு மனம் வரவில்லை. கறி வைத்தாள். தண்ணீர்ப் பிடிப்பான பூசணி, எவ்வளவு தேங்காய்ப்பால் விட்டும் கறியாகவில்லை. இரண்டு நாள் அதைச் சாப்பிட்டோம்.

ஹலோவீன் பின்னேரம் வந்தது. மனைவி மகளின் கண்ணைச் சுற்றிக் கண்மையால் கறுப்புப் பட்டை தீட்டினாள், மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தாள். மகன் பெட்டிக்குள் நுழைந்து, கைகளைப் பக்கத்து ஓட்டைகளால் வெளியே விட்டான். தலையில் அட்டை மூடி. பெட்டியின் முன்புறத்தில், உள்ளே போட வேண்டியவையும் போடக் கூடாதவையும் மகளின் கையால் படங்களாக வரையப்பட்டிருந்தன. போடக் கூடாதவற்றில் அவள் கத்தரிக்காயைச் சேர்த்திருந்தாள்.

பக்கக் கதவால் வெளியே ஏறினோம். அன்ரி அங்கே பச்சைத் தொட்டியின் மூடிமேல் செங்கல் ஏற்றிக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டுத் திரும்பினார். முதலில் அவர் கண்டது ரக்கூனை. அதன் பின்னால், தத்தித் தத்தி, இன்னொரு பச்சைத் தொட்டி நடந்து வந்தது.

அவர் வாய் திறந்தபடி நின்றது. மகள் பயந்து என் காலோடு ஒட்டினாள். மகன் மட்டும் எதையும் கவனிக்காமல், "அன்ரி, நான் கிறீன் பின்" என்றான்.

அன்ரி சிரித்தார். அந்த வீட்டில் குடிவந்த காலம் முழுக்க அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இருமி இருமிச் சிரித்தார்.

"கடவுளே! உதுதான் அந்தக் கள்ளன்! என்ரை மீன்தலை எல்லாம் திண்டது நீதானோ?" என்று மகளின் வாலைப் பிடித்து இழுத்தார். மகளுக்குப் பயம் போய்விட்டது. இரண்டு கைகளையும் நகம்போல் வளைத்துக் காட்டினாள்.

நாங்கள் தெருவில் இறங்கினோம். எங்கள் தெருவில் சீனர், பிலிப்பினோக்கள், கரீபியன் ஆட்கள், எங்கள் ஆட்கள் எல்லோரும் கலந்திருந்தார்கள். எந்த வாசலுக்குப் போனாலும் சிரிப்புத்தான். ரொறன்ரோவில் ரக்கூனோடு பகை இல்லாத வீடு கிடையாது. ஒரு வீட்டுக்காரர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்னொருவர் வாசல் படியில் இருந்தபடி, மகனின் மூடியைத் திறந்து சொக்லேற்றைப் போட்டு, மறுபடி மூடி, பூட்டுவதுபோல் கையைத் திருகினார். கடையில் வாங்கிய உடுப்புகள் எத்தனையோ அந்தத் தெருவில் நடந்தன. ஆனால் படம் எடுக்கட்டுமா என்று எல்லோரும் கேட்டது என் பிள்ளைகளைத்தான். நானும் மனைவியும் நடைபாதையில் நின்று பார்த்தோம். அவள் என் ஜக்கெற் பைக்குள் தன் கையை விட்டுக்கொண்டாள். வேலை குறைந்ததற்குப் பிறகு நாங்கள் இருவரும் அப்படி நின்றது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டின் முன்வாசல் லைற் எரிந்துகொண்டிருந்தது. அன்ரி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, படிக்கு மேலே கதிரை போட்டு இருந்தார். எதிரே சின்னஞ்சிறு பிள்ளைகள் மூன்று பேர். அவர் அவர்களுக்கு ஆளுக்கொரு தோடம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மற்றப் பிள்ளையளும் இப்பிடி வடிவா வருகுதுகளோ எண்டு பாப்பம் எண்டு லைற்றைப் போட்டனான். வந்து கொண்டே இருக்குதுகள்! பிஸ்கற் முடிஞ்சுது, தோடம்பழமும் முடியப்போகுது. என்ன செய்யிறது இப்ப? லைற்றை நிப்பாட்டினாப் பாவம்."

மகள் என்னைப் பார்த்தாள், பிறகு தம்பியின் பெட்டியைப் பார்த்தாள். "எங்களிட்டை நிறைய இருக்கு. நாங்கள் குடுக்கிறம்."

அவளுக்கு அது சுலபம். இவ்வளவு காலம் வாசலில் நின்று கேட்டவள், முதல்முறையாக ஒரு வாசலுக்குள் நின்று கொடுக்கப்போகிறாள். மகனுக்குச் சுலபமில்லை. மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு "நோ" என்றான். அன்ரி உள்ளே போய் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினார். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, கடலை போட்டதும் கசப்பானதும் தட்டத்துக்கு, மற்றவை தனக்கு என்று உடன்பட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு சிறுவன் தான் தின்ற மிட்டாயின் உறையை அவன் பெட்டிக்குள் போட்டுவிட்டு நன்றி சொன்னான். தன்னை உண்மையான தொட்டி என்று ஒருவர் மதித்ததில் மகனுக்குப் பிடிபடாத சந்தோஷம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் தானே அள்ளிக் கொடுத்தான், கடலை இல்லாததைக்கூட.

பிள்ளைகள் படியேறும்போது, தாய் தகப்பன்மார் நடைபாதையில் நின்று குளிரில் கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மனைவிதான் சொன்னாள்.

"அன்ரி, அவை பாவம், விறைச்சுப்போய் நிக்கினம். இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ வைப்பமோ? அதுக்கு ஒண்டும் செலவில்லை."

"என்னட்டைப் பெரிய கேத்தில் இருக்கு. வா பிள்ளை."

இருவரும் உள்ளே போனார்கள். கணவரின் நினைவுப் பூசைக்கு வந்தவர்களுக்காக வாங்கி மிஞ்சியிருந்த கடதாசிக் கப்புகளை அன்ரி எடுத்துத் தந்தார். நான் தேநீரை நடைபாதைக்குக் கொண்டுபோனேன். முதலில் தயங்கினார்கள், எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். சும்மாதான் என்றேன். பிறகு கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். முன்வீட்டுக்காரர் கப்பை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, இஞ்சி நெஞ்சுக்குள் இறங்குகிறது என்று கையால் காட்டினார். பல வருடம் பனி தள்ளும்போது தலையாட்டியதோடு சரி, அவரிடம் அன்றுதான் பேசினேன்.

தட்டம் காலியானபின் அன்ரி லைற்றை நிறுத்தினார். உள்ளே போகும்போது என்னிடம் திரும்பி, "நான் நாளையிண்டைக்குச் சேமக்காலைக்குப் போறனான். ஒவ்வொரு வருசமும் இரண்டு பஸ் மாறித் தனியத்தான் போறது. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறியளோ?" என்று கேட்டார். இறந்தவர்களின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நாள் அது. நாங்கள் சைவக்காரர். வரலாமா என்று ஒருகணம் தயங்கினேன். மனைவி என்னை முந்திக்கொண்டு, "வாறம், அன்ரி" என்றாள்.

போனோம். காற்று பலமாக அடித்தது, மெழுகுதிரி நிற்கவேயில்லை. மகன் தன் ஜக்கெற்றை விரித்துக் காற்றை மறைத்துப் பிடித்தான், மகள் நெருப்புக்குச்சியைக் கொடுத்தாள். சுடர் நின்றதும் அன்ரி குனிந்து, கணவரின் கல்லறைக் கல்லில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டு, உள்ளே கிடந்தவருக்குச் சொன்னார்:

"இதுகள் கீழ்வீட்டுப் பிள்ளையள். உங்களைப் பாக்க வந்திருக்குதுகள்."

பிறகு நாலு பேரையும் தன் பக்கம் வந்து நிற்கும்படி கையைக் காட்டினார்.