உறைக்குள் வேறொரு பூ

தாளை இரண்டு கைகளாலும் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, மூன்று முறை தட்டுகிறார் கஜலட்சுமி. எதுவும் விழவில்லை. "ஒட்டிக்கிட்டா. இனி நூறு வருசத்துக்கு அசைய மாட்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குக் கையை நீட்டுகிறார். ஏதாவது விழுந்துவிட்டால் செடியைக் குறை சொல்ல மாட்டார். பசைக்குத்தான் திட்டு விழும். "தண்ணிப் பசை! கஞ்சி காய்ச்சி ஊத்தினாக்கூட இத விட நல்லா புடிக்கும்."

வத்தேகமயிலிருந்து மேலே ஏறும் பாதையில், ஒரு பழைய தோட்டத்துப் பங்களாவுக்குள் இருக்கிறது எங்கள் காப்பகம். நூறு வருடத்துக்கு முன்னர் செடி சேர்ப்பதில் பைத்தியமாக இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன தொகுப்பு. இப்போது ஒரு சிறிய அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது. பதினாறாயிரம் தாள்கள். ஒவ்வொன்றிலும் அழுத்தி உலர்த்திய ஒரு செடி, யார் எங்கே எந்தத் தேதியில் பறித்தார் என்ற சீட்டு, உதிர்ந்த பூவையும் விதையையும் போட்டு வைக்க ஒரு சின்னக் காகித உறை. புதிய செடிகளை ஒட்டுவதும் பழைய தாள்களைப் பழுது பார்ப்பதும் கஜலட்சுமியின் வேலை. தாள்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஆறு வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, மூன்று மாதத்துக்கு என்றுதான் இங்கே சேர்ந்தேன். இப்போது ஒன்பதாவது மாதம். என் மேசைக்கு எதிரே கஜலட்சுமியின் மேசை இருப்பதுதான் காரணம்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. பிறந்தது புசல்லாவைத் தோட்டம் ஒன்றில். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர். ஒன்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தார். பிறகு இந்தப் பங்களாவைக் கூட்டித் துடைக்க வந்தார். வந்த இரண்டாம் மாதம், தரையில் கிடந்த நெல்மணியளவு பூ ஒன்றைக் குப்பையில் போடாமல், மேசையில் கிடந்த முப்பது தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அது எந்தச் செடியிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடித்துப் பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மறுநாள் விளக்குமாறு வேறொருவர் கைக்குப் போனது.

செடிகளைக் காட்டிலிருந்து பழைய பத்திரிகைத் தாள்களுக்குள் வைத்து அழுத்திக் கொண்டுவருவார்கள். செடியை ஒட்டி முடித்ததும் கஜலட்சுமி அந்தப் பத்திரிகையை வாசிப்பார். ஏழு வருடத்துக்கு முந்தைய கிரிக்கெட் தோல்விக்கு அவர் இன்றைக்குக் கவலைப்படுவதைப் பார்த்திருக்கிறேன். "அடப்பாவிகளா, கடைசி ஓவர்ல கோட்டை விட்டுட்டானுங்களே!" யாராவது செத்துப்போன செய்தி வந்தால் அரை நிமிடம் கையை நிறுத்திவிட்டுத்தான் அடுத்த தாளை எடுப்பார்.

விஞ்ஞானிகள் உயிர்களைக் குடும்பம், பேரினம், இனம் என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் லத்தீனில் இரண்டு சொல்லில் பெயர்: முதல் சொல் பேரினத்துக்கு, இரண்டாவது அந்த இனத்துக்கே உரியது. கஜலட்சுமி அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டி, ஒன்றைக்கூடக் குறைக்காமல் சொல்வார். ஆனால் பிரிப்பது தன் வழியில்தான். ஒரே பேரினத்துச் செடிகள் பங்காளிகள். ஒரே குடும்பத்தில் வேறு பேரினம் என்றால் ஒண்ணு விட்ட சொந்தம். பிறப்பால் உறவே இல்லாமல், ஒரே ஈரத்திலும் நிழலிலும் வளர்ந்து தோற்றத்தில் ஒன்று போலாகிவிட்டவை சம்பந்திகள். "சம்பந்தியப் பங்காளின்னு நெனைச்சிட்டா குடும்பமே குழம்பிப் போகும், தங்கச்சி" என்பார் என்னிடம். வத்தேகமச் சந்தையில் அவரோடு மரக்கறி வாங்கப் போனேன். கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் நான்கையும் ஒரே பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னார்: "நாலும் ஒரே குடும்பம். இன்னைக்கு ஒரே சட்டிக்குள்ள குடும்பச் சண்டை."

நான் வருவதற்கு முன்னர், போன வருடம் மாசி மாதம், டொக்டர் ஹுதைபா நக்கிள்ஸ் மலையிலிருந்து எட்டுக் காசித்தும்பைச் செடிகளை ஒரே கட்டாகக் கொண்டு வந்தார். ஹுதைபா அலவத்துகொடக்காரர், எங்கள் காப்பகத்தின் தாவரவியலாளர், கஜலட்சுமியை விடப் பத்து வயது இளையவர். காசித்தும்பை இவர்களுக்கு ஒரு தலைவலி. உலர்ந்தால் அதன் பூ ஈரத் தாள் போல நசுங்கி உருவமே தெரியாமல் போய்விடும். எட்டையும் ஒரே இனம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கஜலட்சுமி ஏழு செடிகளை ஒட்டிவிட்டு எட்டாவதைத் தனியே எடுத்து வைத்தார்.

"சேர், இது அது இல்ல. பங்காளி."

"அக்கா, நாந்தானே பறிச்ச. எல்லாம் ஒண்டுதான்."

"பறிச்சது நீங்க. தடவிப் பாத்தது நானு. இலைக்காம்புல ரெண்டு பக்கமும் குண்டூசித் தலையாட்டம் ஒண்ணு இருக்குது. மத்த ஏழுலயும் இல்ல. அதுங்க காம்புல முடி இருக்குது, இதுல வழுவழுன்னு இருக்குது."

ஹுதைபா பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு பூவைக் கொதிநீரில் போட்டு விரித்தார். அதற்குப் பிறகு அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. ஆவணியில் கஜலட்சுமியையும் கூட்டிக்கொண்டு மறுபடி மலை ஏறினார். ஈரம் வடியும் ஒரு பாறையில் பதினொரு செடிகள் நின்றன. வெள்ளைப் பூ, தொண்டையில் ஊதா. ஒரு வருடம் அதை மற்ற எல்லாக் காசித்தும்பைகளோடும் ஒப்பிட்டு, புதிய இனம் என்று கட்டுரை எழுதி முடித்தார். அதற்கு வைத்த பெயரில் இரண்டாவது சொல், கஜலட்சுமி. பெண்ணின் பெயர் என்பதால் லத்தீன் வழக்கப்படி கடைசியில் ஒரு சின்ன வால் மட்டும் சேர்ந்திருந்தது.

செய்தி மலையிலிருந்து இறங்கிய வேகத்தை நான் பார்த்தேன். உயர்தர வகுப்பில் படிக்கும் கஜலட்சுமியின் மகள் நிரஞ்சனி எல்லாக் கொப்பிகளின் பின்பக்கத்திலும் அந்தப் பெயரை எழுதிவிட்டாள். தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் ஜனார்த்தனன் திருவிழாவில் போர்த்த ஒரு பொன்னாடையே வாங்கிவிட்டார். கஜலட்சுமி வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தேநீர் நேரத்தில் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "எங்க லயத்துல யாரு பேராச்சும் இங்கிலீசு புத்தகத்துல வந்திருக்கா, தங்கச்சி? செக்ரோல தவிர?" லயம் என்பது தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசை; செக்ரோல் என்பது அவர்களுடைய பெயர்ப் பதிவு. நான் இல்லை என்றேன். "அதான்" என்றார்.

கட்டுரை வெள்ளிக்கிழமை அனுப்புவதாக இருந்தது. புதன்கிழமை நான் சாதாரணக் காசித்தும்பைக் கட்டைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்குத் தருவதற்கு முன்னர் ஒவ்வொரு தாளையும் கஜலட்சுமி பார்ப்பது வழக்கம். நடுவில் ஒரு தாளில் நின்றுவிட்டார். 1909இல் துரையே பறித்த செடி. அதற்கு ஐரோப்பாவில் ஒருவர் புதிய பெயர் வைத்து அச்சிட்டிருந்தார். கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு நிபுணர் வந்து, உறையைத் திறந்து உள்ளே இருந்த பூவைப் பார்த்து, "இது சாதாரணக் காசித்தும்பைதான்" என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அன்றோடு அந்தப் பெயர் தள்ளுபடியானது. பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சீட்டை வாசித்துவிட்டுத் தாளைப் புரட்டிப் போனார்கள். ஹுதைபாவும்தான்.

கஜலட்சுமி சீட்டை வாசிக்கவில்லை. செடியைத் தடவினார். உறையைத் திறந்து பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மூடினார். தேநீர் குடித்தார். வேறு இரண்டு தாள்களைப் பழுது பார்த்தார். பிறகு மறுபடி அதை எடுத்தார்.

"சேர் எப்ப அனுப்புறாரு?"

"வெள்ளிக்கிழமை."

"உங்க கமெராவுல இந்த உறைக்குள்ள இருக்கிறது தெரியுமா?"

"தெரியாது அக்கா. மேலே இருக்கிறது மட்டுந்தான்."

எனக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. அவர் அந்தத் தாளை என்னிடம் தந்திருந்தால் நான் படம் எடுத்துவிட்டுக் கட்டில் வைத்திருப்பேன். இன்னும் நூறு வருடம் யாரும் அதைத் திறந்திருக்க மாட்டார்கள். அவர் எழுந்து தாளை ஹுதைபாவின் அறைக்கு எடுத்துப் போனார். நானும் பின்னால் போனேன்.

"சேர், இந்தச் செடி காம்பு வழுவழுன்னு இருக்குது. குண்டூசித் தலை ரெண்டும் இருக்குது. உறைக்குள்ள இருக்கிற பூவோட காம்புல முடி. பூவு இந்தச் செடியோடது இல்ல. அந்தக் காலத்துல ரெண்டு தாளு ஒரே மேசையில கெடந்திருக்கும். ஒண்ணுல பூ விழுந்திருக்கும். யாரோ புண்ணியவான் பக்கத்து உறையில எடுத்துப் போட்டுட்டான்."

கஜலட்சுமி ஓர் இலையின் அடியைச் சுட்டினார். பசைக்குள் பாதி மறைந்து ஒரு மொட்டு இருந்தது. அதைக் கிள்ளி எடுத்து, கொதிநீரில் போட்டு, இரண்டு மணி நேரம் கண்ணாடிக்கடியில் வைத்திருந்தார் ஹுதைபா. நிமிர்ந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"அதேதான். நம்மட செடிதான். அக்கா, உங்களுக்கு வெளங்குதா? மொதல்ல அச்சில வந்த பேருக்குத்தான் உரிமை இரிக்கி. அதுதான் சட்டம். இது உங்கட பேரு போற விசயம்."

"வெளங்கித்தானே கொண்டாந்தேன்."

"அந்தப் பேரு யார்ர தெரியுமா? தொரையோட மச்சினிட பேரு. அந்தப் பொம்பள இந்த நாட்டுக்கு வந்ததே இல்ல!"

"வராட்டி என்ன, முந்திட்டா." கஜலட்சுமி சிரித்தார். "முன்னாடியே பேரு வச்ச புள்ளைக்கு நான் போயி இன்னொரு தடவ பேரு வைக்க முடியுமா சேர்?"

"வேற புதுசா ஒண்டு கண்டா கட்டாயம் உங்கட பேருதான்."

"கெடைச்சா உங்க உம்மா பேர வைங்க. பாவம், உங்கள இந்தக் காட்டுக்கெல்லாம் அனுப்பிட்டு இருக்கிறாங்க." ஹுதைபாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பில் நின்றபடி கஜலட்சுமி நிரஞ்சனிக்கு அழைத்துச் சொன்னார். மறுமுனையில் அழுகை எனக்கே கேட்டது. "அழாத. பேரு இல்லாட்டியும் செடிய மொத தடவ பிரிச்சுப் பாத்தது உங்கம்மாதான். ரெண்டாவது தடவையும் உங்கம்மாதான். அத எவனும் அழிக்க முடியாது." பிறகு ஜனார்த்தனனுக்கு: "அண்ணே, அந்தப் பொன்னாடைய பத்திரமா மடிச்சு வைங்க. மடிப்பு கலையாம." வாங்கியது வாங்கியதுதான், திருவிழாவில் போர்த்தியே தீருவேன் என்று அவர் அடம்பிடித்ததாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

காப்பகங்களில் பழைய சீட்டை யாரும் கிழிப்பதில்லை. பிழையானதும் அப்படியே இருக்கும். திருத்தியவர், என்ன திருத்தினார் என்று எழுதிப் பெயரும் தேதியும் போட்டு, ஒரு புதிய சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார். அதில் இதுவரை விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை ஹுதைபா சீட்டையும் பேனாவையும் கொண்டுவந்து கஜலட்சுமியின் மேசையில் வைத்தார்.

"கண்டது நீங்க. நீங்கதான் எழுதோணும்."

கஜலட்சுமி போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி வந்தார். கதிரையில் உட்கார்ந்து, 'உறையில் உள்ள பூ இச்செடியினதல்ல' என்று ஆங்கிலத்தில் ஹுதைபா சொல்லச் சொல்ல எழுதினார். கீழே தன் பெயரைக் குறைக்காமல் முழுதாக எழுதித் தேதி போட்டார். தானே பசை தடவி, தானே ஒட்டி, காய்ந்ததும் தாளை என் கமெராவுக்கடியில் கொண்டுவந்து வைத்தார்.

படம் எடுக்கும்போது தாளின் கீழ்ஓரத்தில் ஒரு அளவுகோலை வைப்போம். வழக்கம் போல வைத்தேன். அதன் ஓரம் புதிய சீட்டின் மேல், சரியாக அந்தப் பெயரின் கடைசி எழுத்துகளின் மேல், விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை, கை பொத்தானுக்குப் போய்விட்டது.

கஜலட்சுமி ஒரு விரலை மட்டும் நீட்டி, அளவுகோலை இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளி வைத்தார்.