கோழி எருவும் என் வயிற்றெரிச்சலும்

இரத்தோட்டையில் இருந்த துண்டு நிலத்தை என் கணவரும் அவருடைய தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். மேல்பாதி தம்பிக்கு, சரிவில் கீழ்ப்பாதி எங்களுக்கு. இரண்டிலும் போஞ்சி என்கிற பீன்ஸ்தான். கொழுந்தன் மனைவியின் கொடிகள் கம்பைத் தாண்டி ஏறின. என்னுடையவை இடுப்பளவில் மஞ்சளித்து நின்றன. அவள் ஒரு கோழிப் பண்ணையிலிருந்து எரு எடுத்துப் போட்டிருந்தாள். மாட்டெருவே போதும் என்று நான் பிடிவாதமாக இருந்துவிட்டேன். மரக்கறி வாங்க வரும் லொறிக்காரர் அவளுடைய காயை ஒடித்துப் பார்த்துப் புகழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் பரிசோதனைக்கு மண் எடுக்க வந்தாள். அவளும் நேராக மேலேதான் போனாள். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

“நம்ம மண்ணையும் கொஞ்சம் எடுங்க மிஸ்” என்று வலியப் போய்க் கேட்டேன். எடுத்துக்கொண்டாள்.

மேல் நிலத்தின் பரிசோதனை முடிவுதான் முதலில் வந்தது.

“கோழிக்கு நோய் வராம இருக்க தீனியில ஆன்டிபயோடிக் கலந்திருக்காங்க. அது எருவோட வந்து மண்ணுல தங்கியிருக்கு” என்றாள் அந்தப் பெண். “கிருமிக்கு மருந்து பழகிப்போச்சுன்னா, நாளைக்கு நமக்கு நோய் வந்தா மருந்து கேக்காது.”

கொழுந்தன் மனைவியின் முகம் வெளுத்தது. எனக்கோ உள்ளுக்குள் இனித்தது.

மறுநாளே லொறிக்காரரிடம், “அவ போஞ்சியில கோழி மருந்து இருக்காம்” என்றேன். அந்தப் பெண் சொன்னது மண்ணைப் பற்றி மட்டும்தான். காயை யாரும் பரிசோதிக்கவில்லை. தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன். இரண்டு வாரம் லொறி அவளிடம் நிற்கவில்லை. காய்கள் கொடியிலேயே முற்றி உலர்ந்தன.

பிறகு என் மண்ணின் முடிவு வந்தது. அதிலும் மருந்து இருந்தது.

“நான் கோழி எருவே போடலையே மிஸ்!”

“மழைத் தண்ணி மேல இருந்து உங்க பக்கந்தானே இறங்குது?”

லொறிக்காரர் வாயால் எல்லாம் கேள்விப்பட்டிருந்த கொழுந்தன் மனைவி, பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். “நான் தெரியாம போட்டேன் அக்கா. நீங்க தெரிஞ்சே சொன்னீங்க.”

அடுத்த நாள் காலையில் லொறியை மறித்து, நான் சொன்னது பொய் என்றேன். லொறிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

இப்போது அவள் எருவைக் குவித்து, தார்ப்பாய்ப் படங்கால் மூடி, மக்கவைத்த பிறகே போடுகிறாள். மருந்து முழுதாகப் போகாவிட்டாலும் குறையும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். மேலிருந்து வரும் மழைத் தண்ணீர் ஒதுங்கிப் போக நடுவில் கான் வெட்டினோம், இருவரும் சேர்ந்து, அதிகம் பேசாமல்.

இந்தப் போகத்திலும் அவள் கொடிதான் உயரம். எனக்கு இன்னும் எரிகிறது. லொறி வரும் நேரத்தில் மட்டும் நான் வீட்டுக்குள் போய்விடுகிறேன்.