முட்டை அட்டையில் வந்த புத்தகம்

மஞ்சுளாவைப் பற்றி யாராவது என்னிடம் சிரித்துக்கொண்டே பேச வந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். கடைக்கு வந்தவர்கள் என்றும் பார்க்கமாட்டேன். "ஜெராக்ஸ் எடுக்க வந்தீங்களா, வாயைப் புடுங்க வந்தீங்களா?" என்று கேட்டுவிடுவேன்.

வெண்ணந்தூர் தபால் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அஜீஸா நான்தான். விலாசச் சீட்டு அடித்துக்கொள்ள வந்துதான் மஞ்சுளா எனக்குப் பழக்கம். அதற்கு முன்னால் அவள் விசைத்தறிக் கூடத்தில் நின்றவள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். அறுந்தது கண்ணில் படாமல் போனால் மேஸ்திரியிடம் கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்க வேண்டும். ஒருநாள் அந்த ஆள் இவள் அம்மாவையும் சேர்த்துத் திட்டியிருக்கிறான். இவள் சோற்றுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "செத்தாலும் இனி எவங் கூடத்துலயும் போய் நிக்கமாட்டேனுங்கக்கா" என்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். 

பன்னிரண்டாவது வரை படித்தவள். புத்தகப் பைத்தியம். ராசிபுரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்து விழும் குவியலுக்குள் புகுந்து, நல்லதாகப் பொறுக்கி, தூசி தட்டி, போட்டோ எடுத்து, பழைய புத்தகம் வாங்குகிறவர்களின் பேஸ்புக் குழுவில் போடுவாள். கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்புவாள். இவ்வளவுதான் வியாபாரம். நடந்தது, நன்றாகவே நடந்தது. வீட்டு முன்சுவரில் நீலப் பெயிண்டில் 'மஞ்சுளா புத்தக நிலையம், வெண்ணந்தூர்' என்று எழுத வைத்தாள். எழுதின அன்றைக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். தன் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கே பொறாமையாக இருந்தது.

அவள் புத்தகம் கட்டுகிற விதம் தனி. புருஷன் அப்புசாமி நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலையில் இருந்தான். ஓரம் கிழிந்த முட்டை அட்டைகளை அங்கே குவித்து எரித்துவிடுவார்கள். அதில் நல்லதாகக் கொஞ்சம் கேட்டு வாங்கிவருவான். அதை இவள் மொட்டை மாடியில் காயப் போட்டு, புத்தகத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, காக்கிக் காகிதம் சுற்றி, சணல் கட்டுவாள். முட்டை உட்காரும் குழிதான் அடியை வாங்கிக்கொள்ளும். முட்டையே உடையாத அட்டையில் புத்தகத்துக்கு என்ன ஆகிவிடும்? கட்டின் இரண்டு ஓரத்தையும் மூடமாட்டாள். அப்போது தபாலில் புத்தகத்துக்கென்று இருந்த குறைந்த கட்டணத்துக்கு அப்படித்தான் அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பது புத்தகம்தானா என்று ஆபீசில் எட்டிப் பார்க்க ஓரம் திறந்திருக்க வேண்டும்.

அந்தத் திறந்த ஓரம்தான் குழுவில் ஓயாத சண்டை. தபால் கட்சி, கொரியர் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். 'பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, டிராக்கிங் நம்பர் கொடுக்காதவர்களிடம் வாங்காதீர்கள்' என்பான் ஒருவன். 'எங்கள் ஊருக்குக் கொரியர்காரன் வரமாட்டான், ஆத்தூருக்கு வந்து எடுத்துப் போ என்கிறான், தபால்தான் வீட்டுக்கு வருகிறது' என்பார் தம்மம்பட்டிக்காரர் ஒருவர். 'திறந்த ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்கினால்?' 'மூடின பெட்டியைத் தூக்கி எறிந்தால்?' விடியவிடிய நடக்கும். புத்தகத்தில் நாலு பக்கம் படித்திருக்கமாட்டான், அட்டை முனை மடங்கிவிட்டது என்று ஒப்பாரி வைப்பான். மஞ்சுளா ஒன்றுக்கும் பதில் போடமாட்டாள். போன கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, எதற்குப் பேச வேண்டும் என்பாள்.

அந்தக் குழுவுக்குள்தான் வளவன் வந்தான். சேலத்துக்காரன். யூடியூபில் புத்தகத்துக்கென்று சேனல் நடத்துகிறவன். வந்த பெட்டியைக் கேமரா முன்னால் கத்தியால் அறுத்துத் திறந்து காட்டுவான், அதை ஊரே உட்கார்ந்து பார்க்கும். மஞ்சுளா போட்டிருந்த பழைய மாட்டு வைத்தியப் புத்தகம் ஒன்று அவனுக்கு வேண்டும் என்றான். நூலால் தைத்த பழைய அச்சு, முன்பக்கம் கிழியாதது. போன் வந்தபோது அவள் என் கடையில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தபால் வேண்டாம்மா. நல்ல பெட்டியில, கொரியர்ல வரணும். இன்னைக்கே போட்டுருங்க."

"ஏனுங்க, சேலந்தானுங்களே? பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். நானே நாளைக்குக் கொண்டாந்து கையில குடுத்துட்டு வாரேனுங்க."

"ஐயோ, நேர்ல எல்லாம் வேண்டாம். பெட்டியா வந்தாதான் திறந்து வீடியோ எடுக்க முடியும்."

"அப்ப ஒரு ரெண்டு நாள் பொறுங்க. மழையா இருக்குதுங்க. அட்டை ஈரம் காயலீங்க. வெயில் அடிக்கட்டும்."

"அட்டைய யாரும்மா பாக்கப் போறா? உங்களால முடியுமா முடியாதா? முடியாதுன்னா சொல்லுங்க, குழுவுலயே எழுதிடறேன்."

குழுவில் எழுதிவிடுவேன் என்றதும் அவள் முகம் செத்துவிட்டது. "வேண்டாங்க, இன்னைக்கே போட்டர்றேன்" என்றாள். நான், "போடி, அவன் ஒருத்தனுக்கு விக்காட்டி என்ன குடியா முழுகிப்போகும்?" என்று கத்தினேன். "இவரு வீடியோவுல எம் பேரச் சொன்னா நாலு பேருக்குத் தெரியுமுங்கக்கா" என்றாள். அந்த ஆசைதான்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் காயப் போட வழியில்லாமல், பண்ணையிலிருந்து வந்த அட்டை வந்த மேனிக்கு வீட்டுக்குள் கிடந்தது. அதில் ஓரளவு உலர்ந்ததாகப் பார்த்து எடுத்துப் புத்தகத்தைக் கட்டி, ராசிபுரம் கொரியர் ஆபீசுக்குப் போனாள். அங்கே பெட்டிக்குள் வைத்து, இண்டு இடுக்கு விடாமல் டேப் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் பையையும் போட்டு மூடிவிட்டார்கள். இத்தனை காலமும் திறந்த ஓரத்தில் காற்றுப் போய்க்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்தும் அட்டையில் மிச்சம் இருந்த கோழி எச்ச வாடை வழியிலேயே போய்விடும். இவளுக்கு அது தெரியாது. புருஷன் தினமும் கோழிப்பண்ணையிலிருந்து வருகிற வீடு, அந்த வாடை அவள் மூக்குக்கு வாடையே இல்லை.

ஒரு மணி நேரத் தூரத்துக்குப் போக வேண்டிய பெட்டி, கோயமுத்தூருக்குப் போய், அங்கே கிடந்து, திரும்பி சேலம் வர ஒரு வாரம் ஆயிற்று. டிராக்கிங் நம்பரை இவள் தினமும் போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேஷாக வேலை செய்தது, பெட்டி எங்கே அவிந்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு ஊராகச் சொன்னது.

வீடியோவை நானும் பார்த்தேன். பெட்டியைக் கிழித்ததும் வளவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தான். முட்டை அட்டையை இரண்டு விரலால் தூக்கி, ஒட்டியிருந்த ஒரு சின்ன இறகைக் காட்டினான். அனுப்புநர் விலாசத்தை நாடகத்தில் வசனம் பேசுவது மாதிரி நீட்டி நீட்டி வாசித்தான். "மஞ்சுளா... புத்தக... நிலையம்... வெண்ணந்தூர்! நண்பர்களே, இது புத்தக நிலையமா, கோழிக் கூண்டா?" கூடவே கோழி கொக்கரிக்கிற சத்தத்தையும் சேர்த்திருந்தான். அட்டையில் பண்ணையின் முத்திரை இருந்தது. அதையும் கிட்டத்தில் காட்டினான். புத்தகத்தின் ஒரு முனைகூட மடங்கவில்லை. அதை அந்தப் பாவி வாய் திறந்து சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பியும் அனுப்பவில்லை.

கீழே எழுதினார்கள் பாருங்கள், படித்த ஜனங்கள்! 'முட்டை இலவசமா?' என்று ஒருவன். 'இவங்க வீட்டுல எந்த நாத்தத்துல சோறு திங்கறாங்களோ' என்று ஒருத்தி. அவள் பள்ளிக்கூட டீச்சராம். இவளிடம் வருஷக்கணக்கில் வாங்கினவர்களும் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். தம்மம்பட்டிக்காரர் மட்டும், 'எனக்கு வந்ததெல்லாம் நன்றாகத்தான் இருந்தது' என்று ஒரு வரி எழுதினார். அவரையும் 'கோழிக்காரி சொந்தமா?' என்று கேட்டு ஓடவிட்டார்கள். நானும் எழுதினேன். என்ன எழுதினேன் என்று இங்கே எழுத முடியாது. என்னை பிளாக் செய்துவிட்டான்.

மஞ்சுளா அவனுக்குப் போன் செய்து, "மன்னிச்சுக்குங்க, அத மட்டும் எடுத்துருங்க" என்று அழுதாள். "நல்லா ஓடிட்டிருக்கும்மா, இப்ப எப்படி எடுக்கறது?" என்றானாம். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருப்பான்!

அதோடு விட்டதா? பண்ணை முதலாளிக்கு அந்த வீடியோ போய்ச் சேர்ந்தது. எரிக்கச் சொன்ன அட்டை எப்படி வெளியே போனது, என் பண்ணையின் மானத்தை வாங்கிவிட்டாயே என்று அப்புசாமியை அன்றைக்கே நிறுத்திவிட்டார். கேட்டுத்தான் எடுத்தேன் என்று இவன் சொன்னதற்கு, கொடுத்த சூப்பர்வைசர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தவன் சுண்ணாம்பைக் கரைத்து முன்சுவரில் நீல எழுத்தின் மேல் அடித்தான். ஒரு பூச்சுக்கு மறையவில்லை, மறுபடியும் அடித்தான். அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் அவளைப் பார்த்து யாரோ ஒரு தறுதலை கொக்கரித்தான் என்று கேள்விப்பட்டேன். பிறகு அவள் கடைத்தெருவுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷம் வளவன் சேலத்தில் சொந்தமாகப் புத்தக வியாபாரம் ஆரம்பித்தான். ஆன்லைனில் கேட்டால் வீட்டுக்கு வரும். பெட்டியைத் திறந்தால் மேலே ஒரு முட்டை அட்டை, கீழே ஒரு முட்டை அட்டை! ஆலையிலிருந்து புதிதாக வரவழைத்தது. 'மண்ணுக்குக் கேடில்லாத பேக்கிங், எங்கள் சொந்த யோசனை' என்று சீட்டு வேறு அச்சடித்து வைத்திருந்தான். அதே குழு, அதே ஆட்கள். 'என்ன அருமையான சிந்தனை!' என்று கைதட்டினார்கள். அந்த டீச்சர் இதயம் போட்டிருந்தாள். யா அல்லா, போனைத் தரையில் அடித்து உடைக்கலாம் போல இருந்தது.

போன வாரம் மஞ்சுளா கடைக்கு வந்தாள். ஆள் இளைத்திருந்தாள். ஆதார் கார்டை நீட்டி, "கம்பெனியில கேக்கறாங்கக்கா. ஒரு ஜெராக்ஸ் வேணுமுங்க" என்றாள்.

"எந்தக் கம்பெனிடி?"

"சேலத்துல. புக்குக் கட்டற வேலைங்க. தெனமும் பஸ்ஸுல போயிட்டு வாரேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. "அவங்கிட்டயா? உனக்குச் சூடு சொரணை இருக்குதாடி?"

"எங்கூட்டுக்காரரு இன்னும் சும்மாதானுங்க இருக்காரு. என்னைய மறுபடியும் தறிக்கு யாருமே சேத்துக்கலீங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "அவருக்கு என்னை அடையாளமே தெரியலீங்கக்கா. போன்ல பேசுனதுதான, மூஞ்சி பாத்ததில்லையே. ஊரு ராசிபுரம்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"என்ன வேலை குடுத்திருக்கான்?"

"ஆலையிலிருந்து வார அட்டைய ஒவ்வொண்ணா மோந்து பாத்து உடறதுங்க. எம் மூக்குக்கு ஒண்ணும் தெரியாது. இருந்தாலும் மோந்து பாத்துட்டுச் சரின்னு சொல்லிருவேன்."

 பிறகு அவளாகவே சொன்னாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வளவன் முதல்நாள் டீ நேரத்தில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவானாம். எப்படிக் கட்டக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்காக. இவள் சேர்ந்த அன்றைக்கும் காட்டியிருக்கிறான். அந்த நீட்டி வாசிக்கிற இடம் வந்ததும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

"நீ என்ன பண்ணுன?"

"நானுஞ் சிரிச்சேனுங்கக்கா. சிரிக்காட்டித் தெரிஞ்சு போயிருமில்லீங்க?"

நான் மெஷின் மூடியைப் படாரென்று திறந்தேன். 

"திங்கக்கெழம புதுசா ரெண்டு புள்ளைங்க வாராங்க. இந்தத் தடவை அதப் போட்டுக் காட்டி என்னையவே சொல்லிக் குடுக்கச் சொல்லிட்டாருங்க." கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். விலாசம் இருக்கும் பக்கம். "அக்கா, இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் தெரியாத மாதிரி எடுக்க முடியுமுங்களா? மஞ்சுளான்னு அங்க இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, பேரப் பத்திப் பயமில்லீங்க. வெண்ணந்தூருன்னு இருக்கறதுதான்."

முடியாது, போடி வெளியே என்று சொல்லியிருக்க வேண்டும். நான் மெஷினில் மையைக் குறைத்துவைத்து எடுத்தேன். எழுத்து மங்கி வந்தது. அவள் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஊர்ப் பெயர் இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் கொறச்சு எடுங்கக்கா" என்றாள்.